டேப்லெட்டை விற்ற பிறகு யார் எப்படிச் சம்பாதிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: ஐபேட், கேலக்ஸி டேப், அமேசான் ஃபயர், மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் எல்லாமே பார்க்க ஒரே மாதிரித் தொடுதிரைகள்தான். அப்படியிருக்க ஒன்று 50 டாலருக்கும் இன்னொன்று 1,000 டாலருக்கு மேலும் விற்றது எப்படி? எச்பி, பிளாக்பெர்ரி மாதிரிப் பெரிய பெயர்கள் இந்தச் சந்தையில் ஏன் நிற்க முடியவில்லை? வாங்குகிறவர் எதை வைத்து இவற்றை ஒப்பிட வேண்டும்?

சிப் வேகம், ரேம், கேமரா என்று அட்டவணை போட்டு ஒப்பிடுவதுதான் வழக்கம். அது தப்பில்லை, ஆனால் அடுத்த மாடல் வந்ததும் அந்த அட்டவணை செல்லாமல் போய்விடும். நான் முதலில் பார்ப்பது வேறு: இந்த நிறுவனத்துக்குக் காசு எப்போது வருகிறது? கருவி விற்கும் நாளிலா, விற்ற பிறகா, இரண்டு நேரத்திலுமா? இது தெரிந்துவிட்டால் விலை ஏன் அப்படி இருக்கிறது, செயலிகள் ஏன் இப்படி இருக்கின்றன, எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்பது வரைக்கும் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். 2010-லிருந்து ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் இந்தக் கோணத்தில் பார்த்தால் நிறைய விஷயம் விளங்கும்.

ஆப்பிளிலிருந்து தொடங்குவோம். 2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகப்படுத்தினார். எல்லோரும் எதிர்பார்த்த 999 டாலரை மேடைத் திரையில் முதலில் காட்டிவிட்டு, அது உடைந்து 499 ஆக மாறுவதுபோல் காட்டினார். ஆப்பிள் என்றாலே விலை அதிகம் என்று பழகியவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. போட்டியாளர்களுக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. காரணம், அடுத்த ஒன்றரை வருஷத்துக்கு அந்த 499 டாலருக்குக் கீழே போகப் பலரால் முடியவில்லை.

ஆப்பிளால் மட்டும் எப்படி முடிந்தது? அதற்கான வேலை ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே தொடங்கியிருந்தது. 2005-இல் ஐபாட் என்ற பாட்டுக் கருவிக்காக ஃபிளாஷ் நினைவகம் தயாரிக்கும் ஐந்து நிறுவனங்களோடு 2010 வரை செல்லும் ஒப்பந்தம் போட்டு, அதற்கு 125 கோடி டாலரை முன்பணமாகக் கொடுக்க ஆப்பிள் ஒத்துக்கொண்டது. 2008-இல் பி.ஏ. செமி என்ற சிப் வடிவமைப்பு நிறுவனத்தை வாங்கியது. ஐபேடுக்குள் இருந்த ஏ4 சிப் ஆப்பிளின் சொந்தப் பெயரில் வந்தது. இயங்குதளம் ஐஃபோனில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததுதான். விற்பனைக்குச் சொந்தக் கடைகள் இருந்தன, அதனால் அங்கே விற்கும் ஒவ்வொன்றுக்கும் இடையில் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டாம். ஏறக்குறைய 1,40,000 ஐஃபோன் செயலிகள் முதல் நாளே ஐபேடில் ஓடின. கிரெடிட் கார்டு இணைத்த ஐட்யூன்ஸ் (ஆப்பிளின் பாட்டு, செயலிக் கடை) கணக்குகள் 12 கோடிக்கு மேல் இருந்தன. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் கவனிக்கவில்லை. செயலி வாங்க ஒரு விரல் தட்டினால் போதும் என்ற நிலையில் இருந்த மக்களிடம் புதுக் கருவி ஒன்றை ஆப்பிள் கொடுத்தது. அன்று ஒவ்வொரு செயலி விற்பனையிலும் 30 சதவீதம் ஆப்பிளுக்கு.

ஆக, ஆப்பிளுக்கு இரண்டு பக்கமும் வரவு. ஆனால் முதன்மையான லாபம் கருவியிலிருந்துதான், அதிலும் அடிப்படை மாடலிலிருந்து மேலே ஏறும் படிகளில். முதல் ஐபேட் 16 ஜிபி 499, 32 ஜிபி 599, 64 ஜிபி 699 டாலர். கூடுதலாகப் போட்ட நினைவகத்துக்கு ஆப்பிளுக்கு ஆன செலவு அந்த 100 டாலரில் ஒரு பகுதிதான். மெமரி கார்டு போட இடம் ஏன் வைக்கவில்லை என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது, இன்னும் நுட்பமாக. அடிப்படை ஐபேடில் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். பேனாவால் எழுதும்போது முனை படும் இடமும் கோடு விழும் இடமும் துளி விலகித் தெரியும். அது வேண்டாம் என்றால் ஏர் மாடலுக்குப் போக வேண்டும். திரை 120 ஹெர்ட்ஸில் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றால் ப்ரோவுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மாடலிலும் குறையாக விட்ட அம்சம் அடுத்த மாடலை விற்கிறது. திறமையான வியாபாரம்தான், ஆனால் படிக்க, படம் பார்க்க, மெயில் போட மட்டும் வாங்குகிறவர் இந்தப் படிகளில் ஏறத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி தோற்றவர்கள். இங்கேதான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

2011 பிப்ரவரியில் மோட்டோரோலா ஜூம் வந்தது. டேப்லெட்டுக்கென்றே கூகுள் செய்த ஆண்ட்ராய்டு 3.0 அதில்தான் முதலில் ஓடியது. விலை 799 டாலர். மோட்டோரோலா சிப்பையும் நினைவகத்தையும் வெளியில் வாங்கி, தொலைத்தொடர்பு நிறுவனம் வழியாக விற்றது. செயலி விற்றால் வரும் காசில் அதற்குச் சொல்லும்படி எதுவும் இல்லை. அதனால் சம்பாதிக்க வேண்டியதையெல்லாம் விற்கும் அன்றே சம்பாதித்தாக வேண்டும். டேப்லெட்டுக்கென்று எழுதிய செயலிகளோ ஆண்ட்ராய்டில் அப்போது மிகக் குறைவு. ஃபோன் செயலிகள்தான் பெரிய திரையில் இழுபட்டு நின்றன.

அதே ஆண்டு ஏப்ரலில் பிளாக்பெர்ரி தயாரித்த ரிம் நிறுவனம் பிளேபுக் என்ற 7 அங்குல டேப்லெட்டை 499 டாலருக்குக் கொண்டுவந்தது. கியூஎன்எக்ஸ் என்ற உறுதியான இயங்குதளம். ஒரே நேரத்தில் பல செயலிகளை ஓட்டுவதில் அன்றைய ஐபேடை விட நன்றாகவே செய்தது. ஆனால் அதில் சொந்தமாக மெயில் செயலி கிடையாது! பிளாக்பெர்ரி ஃபோனை புளூடூத்தில் இணைத்தால்தான் அந்த மெயிலைப் பார்க்க முடியும். மெயிலால் பெயர் வாங்கிய நிறுவனம் இதை ஏன் செய்தது? அதன் வருமானம் ஃபோனிலும், ஃபோனுக்கான மாதச் சேவைக் கட்டணத்திலும் இருந்தது. டேப்லெட் அந்த வருமானத்துக்குத் துணையாக இருக்கட்டும், அதைத் தின்றுவிடக் கூடாது என்று நினைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழைய வருமானத்தைக் காப்பாற்றச் செய்த கருவி யாருக்கும் முழுதாகப் பயன்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், விற்காமல் கிடந்த பிளேபுக் சரக்குக்காக 48.5 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள்.

எச்பி கதை இன்னும் வருத்தமானது. பாம் என்ற ஃபோன் நிறுவனத்தை 2010-இல் 120 கோடி டாலருக்கு வாங்கி, அதன் வெப்ஓஎஸ் இயங்குதளத்தை வைத்து டச்பேட் செய்தது. 2011 ஜூலை 1 அன்று 499 டாலருக்கு விற்பனை தொடங்கியது. 49 நாளில், ஆகஸ்ட் 18 அன்று, இனி செய்யப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. மிச்சம் இருந்ததை 99 டாலருக்குத் தள்ளியபோது மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அதாவது கருவி யாருக்கும் பிடிக்காமல் இல்லை. ஐபேடின் விலைக்கு அது வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஓடும் செயலிகளை அட்டைகள் மாதிரி அடுக்கிக் காட்டி, வேண்டாததை மேலே தள்ளி மூடும் வழக்கம் வெப்ஓஎஸ்ஸில் வந்தது. இன்று ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் நாம் தினமும் செய்வது அதைத்தான். யோசனை பிழைத்தது, யோசித்த தளம் கைமாறி 2013-இல் எல்ஜியிடம் போய் டிவிகளுக்குள் உட்கார்ந்தது. எச்பிக்கு டச்பேட் விற்ற பிறகு வரக்கூடிய வருமானம் எதுவும் உருவாகியிருக்கவில்லை. முதல் சில மாத நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ள அதனிடம் காரணமும் இல்லை.

இந்த மூவரும் செய்த பொதுவான தவறு ஒன்றுதான். ஆப்பிளின் விலையில் அல்லது அதற்கும் மேலே விற்கப் பார்த்தார்கள், ஆப்பிளிடம் இருந்த பின்வருமானம் இல்லாமல்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டது அமேசான். 2011 செப்டம்பரில் கிண்டில் ஃபயரை 199 டாலருக்கு அறிவித்தது. பிரித்துப் பார்த்துச் செலவைக் கணக்கிடும் ஐஎச்எஸ் ஐசப்ளை நிறுவனம், அதைத் தயாரிக்கவே 201.70 டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. கேமரா இல்லை, மைக் இல்லை, 8 ஜிபி மட்டுமே. ஆனால் புத்தகம், படம், பாட்டு வாங்கும் கடை உள்ளேயே திறந்திருந்தது. அடுத்த ஆண்டு அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸ் இதை வெளிப்படையாகவே சொன்னார்: மக்கள் கருவியை வாங்கும்போது சம்பாதிக்க விரும்பவில்லை, பயன்படுத்தும்போது சம்பாதிக்கவே விரும்புகிறோம் என்று. 2015-இல் விலை 49.99 டாலருக்கு இறங்கியது. ஐந்து வாங்கினால் ஆறாவது இலவசம் என்று கட்டாகவும் விற்றார்கள். லாக் ஸ்கிரீனில் விளம்பரம் வரும். வேண்டாம் என்றால் 15 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். ஆக, ஃபயர் டேப்லெட்டின் உண்மையான விலையில் ஒரு பங்கை விளம்பரதாரர் கொடுக்கிறார். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை, தெரிந்து வாங்கினால் நல்ல பேரம்தான். சிக்கல் செயலிகளில். அதில் ஓடும் ஃபயர் ஓஎஸ், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்திலிருந்து செய்தது. கூகுளின் செயலிக் கடையான பிளே ஸ்டோர் அதில் கிடையாது, கூகுளின் சொந்தச் செயலிகளும் கிடையாது. வேலைக்கு, படிப்புக்கு ஒரு குறிப்பிட்ட செயலி கட்டாயம் என்றால் அது அமேசான் கடையில் இருக்கிறதா என்று பார்க்காமல் இதை வாங்கக் கூடாது.

அதே அமேசான் தன் சொந்தப் பாடத்தை மறந்தபோது என்ன ஆனது என்பதும் பார்க்க வேண்டியது. 2014 ஜூலையில் வந்த ஃபயர் ஃபோன், தலையின் அசைவுக்கேற்பத் திரை ஆழமாகத் தெரிய முன்பக்கம் நான்கு கேமராக்களோடு, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் 199 டாலருக்கு விற்கப்பட்டது. ஒப்பந்தம் இல்லாமல் 649. அது ஐஃபோன் விலை. எதிரில் பார்க்கும் பொருளை அடையாளம் கண்டு அமேசானில் வாங்க வைக்கும் வசதியும் உள்ளே இருந்தது. அதாவது வாங்கும்போதும் முழு விலை, பயன்படுத்தும்போதும் கடைக்கு அழைப்பு. மக்கள் ஏற்கவில்லை. சில வாரத்தில் ஒப்பந்த விலை 99 சென்ட்டுக்கு இறங்கியது. ஃபோன் சரக்கு தொடர்பாக 17 கோடி டாலரை நஷ்டமாக எழுதினார்கள்.

கூகுளின் நிலை வேறு. அதற்கு விளம்பரம்தான் சோறு. ஆண்ட்ராய்டை ஒரு கணக்கில் இலவசமாகக் கொடுப்பது, எந்தத் திரையில் தேடினாலும் தன் தேடல் பெட்டி இருக்க வேண்டும் என்பதற்காக. கிண்டில் ஃபயர் ஆண்ட்ராய்டை எடுத்துக்கொண்டு கூகுளை வெளியே விட்டது. அதற்குப் பதில்போலவே 2012 ஜூனில் ஏசஸ் தயாரிப்பில் நெக்ஸஸ் 7 அதே 199 டாலருக்கு வந்தது, பிளே ஸ்டோரில் செலவழிக்க 25 டாலர் வரவோடு. திரையும் சிப்பும் ஃபயரை விட மேல். அந்த விலைக்கு அப்போது அதைவிடச் சிறந்த டேப்லெட் இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் கூகுளுக்கு அது டேப்லெட் விற்றுப் பிழைக்கும் வியாபாரம் இல்லையே. அதனால் கவனம் அலைந்தது. 2014-இல் நெக்ஸஸ் 9 விலை 399 டாலராக ஏறியது, 2015-இல் பிக்சல் சி, அப்புறம் பிக்சல் ஸ்லேட், 2019-இல் இனி டேப்லெட் செய்யப்போவதில்லை என்ற அறிவிப்பு, 2022-இல் பெரிய திரைகளுக்காக ஆண்ட்ராய்டு 12எல், 2023-இல் மறுபடி பிக்சல் டேப்லெட். செயலி எழுதுகிறவர்கள் இந்தத் தயக்கத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட் செயலிகள் ஐபேடுக்குப் பின்தங்கியதற்கு வன்பொருளை விட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கூகுளுக்கு அவசரம் இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐபேட் விற்றாலும் கூகுளுக்கு வருமானம்தான். ஆப்பிள் கருவிகளில் உள்ள சஃபாரி உலாவியில் தன் தேடலை முதலில் வைக்க 2022-இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளியானது. ஆப்பிளின் சேவை வருமானத்துக்குள் கூகுள் விளம்பரப் பணம் இவ்வளவு இருக்கிறது என்பதை இரண்டு முகாமின் ரசிகர்களும் தெரிந்துகொள்வது நல்லது. அதே சமயம் ஆண்ட்ராய்டு பக்கம் கூகுள் கையை இறுக்கித்தான் பிடித்திருந்தது. பிளே ஸ்டோர் வேண்டும் என்ற தயாரிப்பாளர் வேறு வகை ஆண்ட்ராய்டில் ஓடும் ஒரு கருவியைக்கூட விற்கக் கூடாது என்ற நிபந்தனை, ஃபயர் ஓஎஸ் மற்ற நிறுவனங்களிடம் போகாமல் தடுத்தது. 2018-இல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் போட்டபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

சாம்சங்குக்கு வருவோம். இவர்களிடம் டேப்லெட்டுக்கென்று சொந்த இயங்குதளமும் இல்லை, ஆப்பிள் அளவுக்குச் செயலிக் கடையும் இல்லை. ஆனால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று உண்டு: உள்ளே போகும் பாகங்களைச் செய்யும் ஆலைகள். முதல் ஐபேடின் ஏ4 சிப்பைத் தயாரித்துக் கொடுத்ததே சாம்சங். பின்னால் ஐஃபோன் எக்ஸின் ஓஎல்இடி திரையும் அவர்களுடையது. போட்டியாளர் ஜெயித்தாலும் சாம்சங்குக்கு ஒரு பங்கு வரும். அதனால்தான் அவர்களால் எல்லா அளவிலும் எல்லா விலையிலும் கருவிகளை இறக்கிப் பார்க்க முடிகிறது.

2010-இல் 7 அங்குல கேலக்ஸி டேப் வந்தது. 7 அங்குல டேப்லெட்டுகள் பிறக்கும்போதே செத்தவை என்ற பொருளில் அக்டோபரில் ஜாப்ஸ் பேசினார். 2012-இல் ஆப்பிளே 7.9 அங்குல ஐபேட் மினியை 329 டாலருக்கு வெளியிட்டது. அதே மாதிரி 5.3 அங்குல கேலக்ஸி நோட் ஃபோனைப் பார்த்துச் சிரித்தார்கள், 2014-இல் 5.5 அங்குல ஐஃபோன் 6 பிளஸ் வந்தது. அளவு விஷயத்தில் சாம்சங்கின் துணிச்சல் சந்தைக்கு நல்லது செய்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மறுபக்கமும் இருக்கிறது. 2011 பிப்ரவரியில் 10.9 மில்லிமீட்டர் தடிமனில் காட்டிய கேலக்ஸி டேப் 10.1, மார்ச்சில் 8.8 மில்லிமீட்டர் ஐபேட் 2 வந்ததும், சில வாரத்தில் 8.6 மில்லிமீட்டராக மாறி வந்தது. ஆலை கையில் இருந்தால்தான் இந்த வேகம் சாத்தியம். ஏப்ரலில் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2012-இல் ஜூரி 105 கோடி டாலர் இழப்பீடு சொன்னது, பெரும்பாலும் ஃபோன்களுக்காக. ஐபேடின் வடிவ உரிமையை டேப் மீறவில்லை என்றார்கள். 2018-இல்தான் சமரசம் ஆனது.

இன்றைய கேலக்ஸி டேப் எஸ் வரிசையில் பேனா பெட்டியோடே வருகிறது, எழுத அதற்கு சார்ஜும் தேவையில்லை. ஆப்பிள் பென்சில் 2015-இல் 99 டாலருக்குத் தனியாக வந்தது, இன்றும் தனிதான். டேப் எஸ்ஸில் மெமரி கார்டு போடலாம். திரை 16:10 விகிதம், படம் பார்க்க அருமை. ஆனால் நிமிர்த்திப் பிடித்து ஒரு பக்கம் படித்தால் ஒல்லியாக, நீளமாக இருக்கும். 4:3-ஐ ஒட்டிய ஐபேட் திரையில் பிடிஎஃப் பக்கம் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். இது ரசனையைப் பொறுத்தது என்று சொல்வார்கள். தினமும் ஆவணம் படிக்கிறவருக்கு இது கண்வலியைப் பொறுத்தது.

மைக்ரோசாஃப்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012 அக்டோபரில் வந்த சர்ஃபேஸ் ஆர்டி 499 டாலர், கீபோர்டு சேர்த்தால் 599. பார்க்க விண்டோஸ், ஆனால் பழைய விண்டோஸ் மென்பொருள் எதுவும் ஓடாது. அடுத்த ஜூலையில் 90 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்த பெரிய துருப்புச் சீட்டு ஆஃபீஸ், அது ஐபேடில் கிடைக்காது. சத்யா நாதெல்லா மைக்ரோசாஃப்டின் தலைமைக்கு வந்த சில வாரங்களிலேயே, 2014 மார்ச்சில், ஐபேடுக்கு ஆஃபீஸை வெளியிட்டார். வருமானம் சந்தாவுக்கு மாறிவிட்ட பிறகு எந்தத் திரையில் எக்செல் ஓடுகிறது என்பது முக்கியமில்லாமல் போனது. சர்ஃபேஸும் ஐபேடைத் துரத்துவதை விட்டு, ப்ரோ 3-லிருந்து மடிக்கணினிக்கு மாற்றாக நின்றது. அதுதான் அதன் சரியான இடம்.

சரி, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஆயுள். 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2-க்கு 2021-இன் ஐபேட்ஓஎஸ் 15 வரை கிடைத்தது. 2012 நெக்ஸஸ் 7-க்கு மூன்று வருஷத்தில், ஆண்ட்ராய்டு 5.1-ஓடு முடிந்தது. தன் கடையில் நீங்கள் தொடர்ந்து வாங்குவீர்கள் என்று ஆப்பிள் நம்புகிறது, அதனால் பழைய கருவியைப் பராமரிக்க அதற்குக் காரணம் உண்டு. ஆண்ட்ராய்டிலும் நிலை மாறிவிட்டது: பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 ஃபோன்களுக்கு ஏழு வருஷ அப்டேட் என்று அந்தந்த நிறுவனமே வாக்களித்தது. ஆனால் ஃபோனுக்குச் சொன்னது அதே பெயரில் விற்கும் மலிவு டேப்லெட்டுக்கும் சேரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்கும் மாடலின் பெயரைப் போட்டு, அது வெளியான தேதியிலிருந்து எத்தனை வருஷம் என்று பாருங்கள். கடையில் இரண்டு வருஷம் கிடந்த டேப்லெட்டுக்கு அந்த இரண்டு வருஷம் ஏற்கெனவே கழிந்துவிட்டது.

வரைய, குறிப்பெடுக்க வேண்டும் என்றால் பேனா, கீபோர்டு எல்லாம் சேர்த்த மொத்த விலையைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிக் கூட்டினால் அடிப்படை ஐபேடுக்கும் டேப் எஸ்ஸுக்கும் உள்ள தூரம் கணிசமாகக் குறையும். குழந்தைகளுக்குப் படம், கதைப் புத்தகம் என்றால் ஃபயர் போதும், விளம்பரத்தை நீக்கும் அந்த 15 டாலரையும் கட்டிவிடுங்கள். இசை, ஓவியம், காணொளித் தொகுப்பு என்று தீவிரமாக இருப்பவருக்கு இன்னும் ஐபேட்தான், அதன் செயலிகளுக்காக.

சர்ஃபேஸ் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. 2024-லிருந்து சர்ஃபேஸ் ப்ரோ, ஆர்டியில் இருந்ததுபோல, பெரும்பாலும் ஏஆர்எம் (ஃபோன்களில் இருக்கும் வகை) சிப்பில் வருகிறது. ஆர்டி காலம் மாதிரி இல்லாமல் பழைய மென்பொருளில் பெரும்பாலானவை இப்போது ஓடுகின்றன. ஆனால் பழைய பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர்களும் சில அலுவலகப் பாதுகாப்பு மென்பொருள்களும் தகராறு செய்யலாம். உங்கள் வேலை அப்படி ஏதாவது ஒன்றை நம்பியிருந்தால், அதைச் செய்த நிறுவனத்திடம் ஏஆர்எம் விண்டோஸுக்கான பதிப்பு இருக்கிறதா என்று கேட்டு, ஆமாம் என்று பதில் வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.